விமியோ: கடைக்காரரை வாசலில் நிறுத்திய தளம்

2004ஆம் ஆண்டு நியூயார்க்கில், காலேஜ்ஹியூமர் என்ற நகைச்சுவைத் தளத்தை நடத்திய நிறுவனத்துக்குள் ஜேக் லோட்விக், சாக் கிளைன் ஆகிய இருவர் தொடங்கிய காணொளித் தளமான விமியோ, யூடியூபைவிட ஒரு வயது மூத்தது. கூட்டத்தைச் சேர்ப்பதில் இளையவர் முந்திவிட, மூத்தவர் படத்தின் தரத்தைப் பிடித்துக்கொண்டார். 2007லேயே எச்டி காணொளிகளை ஏற்றதாலும், படத்தின் நடுவே விளம்பரம் குறுக்கிடாததாலும், குறும்பட இயக்குநர்களும் ஒளிப்பதிவாளர்களும் தங்கள் படைப்புகளை அங்கே வைப்பதைப் பெருமையாகக் கருதினார்கள்.

அந்நாளில் பொருள் விற்பவரின் காணொளிக்கு அங்கே இடமில்லை. கட்டணம் செலுத்தும் பிளஸ் சந்தாதாரருக்கும் இதே விதிதான். 2011இல் ஆண்டுக்கு 199 டாலர் கட்டணத்தில் புரோ திட்டம் வந்தபோதுதான் அந்தக் கதவு திறந்தது. 2017இல் சொந்தமாகத் தொடர்கள் தயாரித்து நெட்பிளிக்ஸ் போன்றவற்றோடு மோதும் எண்ணத்தைக் கைவிட்டு, அஞ்சலி சூட் தலைமையில் நிறுவனங்களுக்கான மென்பொருளாக மாறுவதென்று முடிவெடுத்தது. நேரடி ஒளிபரப்புக்காக லைவ்ஸ்ட்ரீமை அதே ஆண்டிலும், எளிய படத்தொகுப்புக்காக மேஜிஸ்டோவை 2019லும் வாங்கியது.

அலுவலகப் பயன்பாட்டில் இதன் அருமை சின்ன விஷயங்களில்தான் தெரிகிறது. பயிற்சிக் காணொளியில் ஒரு விலை தவறாகிவிட்டால், யூடியூபில் பழையதை நீக்கிப் புதிதாக ஏற்ற வேண்டும். அனுப்பிய இணைப்புகள் அனைத்தும் வீணாகும். விமியோவில் கோப்பை மட்டும் மாற்றினால் போதும், இணைப்பு அப்படியே இருக்கும். குறிப்பிட்ட இணையதளத்தில் மட்டும் ஓடும்படி பூட்டலாம். வாடிக்கையாளர் தம் திருத்தத்தை உரிய நொடியிலேயே குறித்துவிடலாம் என்பதால், "மூன்றாவது நிமிடத்தில் எங்கேயோ" என்று தொடங்கும் மின்னஞ்சல்களிலிருந்து தொகுப்பாளருக்கு விடுதலை. நம் காணொளி முடிந்ததும் போட்டியாளரின் காணொளியைப் பரிந்துரைக்கும் அபத்தமும் இல்லை. ஆனால், தற்செயலாக வந்து பார்ப்பவர்களை இங்கே எதிர்பார்க்கக் கூடாது; பார்வையாளரை நாமே அழைத்து வரவேண்டும்.

கட்டணத்தில்தான் கவனம் தேவை. மாதம் 2 டெராபைட்டுக்கு மேல் தரவு செலவாகும் கணக்குகளை உயர்ந்த திட்டத்துக்கு மாறச் சொன்னதால், ரசிகர்கள் பணம் தந்து படைப்பாளிகளைத் தாங்கும் பேட்ரியான் தளத்தின் ஆதரவாளர்களுக்காகப் படமெடுத்த தனிநபர்கள் 2022இல் திகைத்துப்போனார்கள். நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. பெருநிறுவனத்துக்கு இந்தக் கூடுதல் கட்டணம் பொருட்டல்ல, தளத்துக்குப் பெயர் வாங்கித் தந்த தனிக் கலைஞருக்கோ அது பெரும் சுமை. இந்த மாற்றத்தில் எனக்கு உறுத்தலாக இருப்பது இதுதான்.

2025இல் இத்தாலிய மென்பொருள் நிறுவனமான பெண்டிங் ஸ்பூன்ஸ், 138 கோடி டாலருக்கு விமியோவை வாங்குவதாக அறிவித்தது. குறிப்பெழுதும் செயலியான எவர்நோட்டை வாங்கியபின் அதன் சந்தாவை உயர்த்திய நிறுவனம் அது. ஆனாலும் சிறு நிறுவனங்கள் தாராளமாகச் சேரலாம். மூலக் கோப்புகளின் பிரதியை மட்டும் சொந்த வன்தட்டில் வைத்துக்கொள்ளட்டும்.