கடையில் விற்கும் ஆன்டிவைரஸா, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரா?

ஆன்டிவைரஸ் வாங்கப் போகிறவர்கள் முதல் வருட விலையை விசாரிக்கிறார்கள், எத்தனை கணினிக்குச் செல்லும் என்று கேட்கிறார்கள். அடுத்த வருடம் அதைப் புதுப்பிக்கப் போவது யார் என்று மட்டும் கேட்பதில்லை. ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக் கணினிக்கு எது சரிப்படும் என்று யோசித்தபோது எனக்கு இந்தக் கேள்விதான் பெரிதாகப் பட்டது. கடைசியில் விண்டோஸோடு சேர்ந்தே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரை வைத்துக்கொண்டேன். ஆகவே இதை நடுநிலை அலசல் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

எதிர்ப்பக்கம் இருந்தவை, ராமநாதபுரம் கணினிக் கடைகளில் பெட்டியாக அடுக்கியிருக்கும் கே7, குவிக் ஹீல் இரண்டும். கே7 சென்னைக்காரர்களுடையது, 1991-ல் தொடங்கியது. குவிக் ஹீல் புனேயிலிருந்து வருகிறது. இரண்டையும் எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிவார்கள். பழுது பார்க்க வரும் பையன்களுக்கும் பழக்கம். பிட்டிஃபெண்டர் போன்ற வெளிநாட்டுச் சரக்குகள் ஆய்வகப் பட்டியல்களில் முன்வரிசையில் இருக்கின்றன. நான் அவற்றை நிறுவிப் புழங்கியதில்லை, அதனால் அவற்றைப் பற்றி அதற்கு மேல் பேசப்போவதில்லை.

இலவசமாகக் கிடைக்கும் அவாஸ்டை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டேன். அதை நிறுவியவர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரம் ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியே விற்கப்பட்டது 2020-ல் அம்பலமானது. 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. இன்னொரு இலவச ஆன்டிவைரஸான ஏவிஜியும் 2016 முதல் அதே குடும்பம். காவலுக்கு வந்தவனே வீட்டுக் கதையை வெளியே விற்றான் என்றால் அப்புறம் என்ன பேச்சு?

வைரஸைப் பிடிப்பதில் யார் கெட்டி என்ற விவாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கு ஒரு காலத்தில் கெட்ட பெயர் இருந்தது உண்மைதான். அதன் முன்னோடியான செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் 2012-ல் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகச் சான்றிதழையே இழந்தது. கடைக்காரர்கள் இன்றும் அந்தப் பழைய கதையைத்தான் சொல்லி விற்கிறார்கள். இப்போது அதே ஆய்வகத்தின் பட்டியலில் டிஃபெண்டர் காசு வாங்குகிறவற்றோடு தோளுரசி நிற்கிறது. ஓரிரு புள்ளி வித்தியாசத்துக்காக வீட்டுக் கணினியில் நான் மண்டையை உடைத்துக்கொள்ளத் தயாரில்லை.

ஒரு இடத்தில் மட்டும் கடைப் பெட்டிகள் முந்துகின்றன. டிஃபெண்டரின் பலத்தில் பெரும்பகுதி இணையத்தின் மறுமுனையில் மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது. சந்தேகமான கோப்பு வந்தால் அங்கே கேட்டுத்தான் முடிவெடுக்கும். இணையம் இல்லாதபோது அதன் கண்டுபிடிக்கும் திறன் குறைந்துவிடுகிறது என்பதை ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் அடித்தால் தீவில் மின்சாரமும் நெட்டும் சேர்ந்தே போகும். அந்த நேரத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவைச் செருகினால் என்ன ஆகும்?

பென் டிரைவைத் திறந்ததும் ஃபோல்டர்கள் எல்லாம் வழக்கம்போல வரிசையாக இருக்கும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றின் இடது கீழ் மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி தெரியும். பெரிய ஃபோல்டராக இருக்க வேண்டிய இடத்தில் அளவு ஒன்றிரண்டு கேபிதான் காட்டும். உண்மையான கோப்புகளை மறைத்துவிட்டுத் தன் ஷார்ட்கட்டுகளை அங்கே வைத்திருக்கிறது வைரஸ்; சொடுக்கினால் நம் கணினிக்குள் வந்துவிடும். கே7 பென் டிரைவ் விஷயத்தில் தனிக் கவனம் எடுத்துக்கொள்கிறது, செருகியதுமே சோதிக்கிறது. டிஃபெண்டரோ கோப்பைத் திறக்கப் போகும்போதுதான் பார்க்கும். முழு டிரைவையும் தானாகத் துழாவாது. எங்கள் வீட்டில் டிரைவின் மீது வலது சொடுக்கு வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். பழக்கம்தானே, சில நாள் மறந்தும் போகிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மதிப்பெண் கே7-க்கு.

இனி புதுப்பித்தலுக்கு வருகிறேன். எங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதமும் வீட்டில் எதைத் தள்ளிப்போடலாம் என்றுதான் கணக்குப் போடுவோம். மே மாதத்தில் ஆன்டிவைரஸ் உரிமம் முடிந்தால் அது தள்ளிப்போகும் பட்டியலில் முதலில் போய் உட்காரும். போதாக்குறைக்கு, பல நிறுவனங்கள் முதல் வருடத்துக்குத் தள்ளுபடியில் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் முழு விலை கேட்கும். புதுப்பிப்பதைவிடப் புதுப் பெட்டி வாங்குவது மலிவு என்று கடைக்காரரே சொல்லும் விசித்திரம் இந்த வியாபாரத்தில் உண்டு.

உரிமம் முடிந்த ஆன்டிவைரஸ் சத்தமில்லாமல் போய்விட்டால்கூடப் பரவாயில்லை. அதன் சின்னம் திரையின் மூலையில் அப்படியே இருக்கும், வீட்டில் எல்லாரும் காவல் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள். வேறொன்று செயலிழந்தால் டிஃபெண்டர் தானாக எழ வேண்டும் என்பதுதான் விண்டோஸின் ஏற்பாடு. எழுந்திருக்கிறதா என்று திறந்து பார்க்காமல் நம்பக் கூடாது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சிக்கல் வேறு மாதிரி. கணினி இங்கே பெற்றோரிடம் இருக்கும். வாங்கிக் கொடுத்த மகன் துபாயிலோ சவூதியிலோ இருப்பார். பதிவு செய்த மின்னஞ்சல் அவருடையது, ஓடிபி போவது அவருடைய போனுக்கு. இங்கே இருப்பவர்களுக்கு உரிமச் சாவி எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

இவை எல்லாவற்றையும்விட என் மனதை மாற்றியது போலி அறிவிப்புகள். மண்டபத்திலிருந்து என் அக்கா ஒரு நாள் போன் செய்தார்.

"தம்பி, லைசென்ஸ் முடிந்துவிட்டதாம். இன்றைக்குள் பணம் கட்டாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று வருகிறது. கார்டு எண்ணைக் கொடுக்கட்டுமா?"

"ஒன்றையும் தொடாமல் அப்படியே வை அக்கா, வருகிறேன்."

போய்ப் பார்த்தால் வலது கீழ் மூலையில் ஒரு பெட்டி. சிவப்புக் கேடயம், ஒரு பிரபல ஆன்டிவைரஸின் சின்னம். அதன் அடியில் பொடி எழுத்தில் குரோம் என்றும், கேள்விப்படாத ஒரு தளத்தின் முகவரியும் இருந்தன. எங்கோ ஒரு பக்கத்தில் அறிவிப்புக்கு 'அனுமதி' கொடுத்ததன் விளைவு. பிரவுசரின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கியதும் நின்றுவிட்டது. ஆனால் அக்காவின் கேள்வியில் நியாயம் இருந்தது. அவர் கணினியில் இருப்பது காசு கொடுத்து வாங்கிய கே7. அது உண்மையிலேயே ஒரு நாள் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கும். எது அசல், எது போலி என்று அவர் எதை வைத்துப் பிரிப்பார்? டிஃபெண்டர் இருக்கும் வீட்டில் அந்தக் குழப்பமே இல்லை. ஆன்டிவைரஸ் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டு எது வந்தாலும் அது பொய், அவ்வளவுதான். எழுபது வயது அம்மாவுக்கும் இதை ஒரு நிமிடத்தில் சொல்லிப் புரியவைத்துவிடலாம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். அந்த வேலையை எந்த ஆன்டிவைரஸும் செய்யாது.

டிஃபெண்டரை நம்புகிறவர்கள் ஒன்றை மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். திருட்டு மென்பொருள் போட்டுக் கொடுக்கும் சிலர், டிஃபெண்டர் தடுக்கிறது என்பதற்காக முழு சி டிரைவையும், அது சோதிக்காமல் விட்டுவிடும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போய்விடுவார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்', அதில் 'மேனேஜ் செட்டிங்ஸ்', கீழே இறங்கினால் 'எக்ஸ்குளூஷன்ஸ்'. நீங்கள் எதையும் சேர்க்கவில்லை என்றால் அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. கோப்புகளை முடக்கிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்தான் ரான்சம்வேர். 'ரான்சம்வேர் புரொடெக்ஷன்' பகுதியில், அறிமுகமில்லாத மென்பொருள் கைவைக்காதபடி ஃபோல்டர்களைப் பூட்டிவைக்கும் வசதி ஒன்றும் இருக்கிறது. அது வரும்போது அணைந்தே வரும். எங்கள் படகுப் பதிவுச் சான்று, மானிய டீசல் கணக்கு, ஆதார் நகல் எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடப்பதால் அதைப் போட்டுவைத்திருக்கிறேன். சில பழைய மென்பொருள்கள் கோப்பைச் சேமிக்க முடியாமல் முரண்டு பிடிக்கும். அவற்றுக்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். எப்படியும் ஒரு நகலை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்துக் கழற்றி வைப்பதை நான் விடவில்லை.

வேகத்தைப் பற்றி அறுதியிட்டுச் சொல்ல என்னிடம் சரக்கில்லை. என் கணினியில் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி இருக்கிறது, டிஃபெண்டர் ஓடுவதே தெரிவதில்லை. பழைய ஹார்ட் டிஸ்கும் 4 ஜிபி நினைவகமும் உள்ள கணினியில் அது முழு ஸ்கேன் ஓட்டும்போது எல்லாம் இழுக்கும் என்கிறார்கள். கே7 இலகுவானது என்று பெயர் வாங்கியிருக்கிறது.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. மாணவர்களுக்கு அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-ஐ ஏற்காது. அவற்றிலும் டிஃபெண்டருக்கு வைரஸ் விவரப் புதுப்பிப்பு 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. விண்டோஸில் உள்ள ஓட்டைகளை ஆன்டிவைரஸ் அடைத்துவிடாது; அதைக் காட்டிப் பெட்டி விற்றால் வாங்காதீர்கள்.

வீட்டு முன்னறையிலேயே ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று தொழில் நடத்துகிறவர்கள் கே7 வாங்கிக்கொள்ளட்டும். நாள் முழுக்க ஊரார் பென் டிரைவ் ஏறி இறங்கும் கணினிக்கு அந்தச் செலவு தகும். அக்கா வீட்டில் உரிமம் முடிய இன்னும் காலம் இருக்கிறது, அதுவரை அது ஓடட்டும் என்று சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் கண்ட்ரோல் பேனல் வழியாக நீக்கி, மிச்சம் மீதியைத் துடைக்க நிறுவனமே கொடுக்கும் நீக்கல் கருவியையும் ஓட்டி, கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டருக்குப் பச்சை டிக் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மண்டபத்திலிருந்து கிளம்புவேன்.