யுகுலேலே செய்ய மரம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கிட்டார் மாதிரி இருக்கும் நாலு கம்பி வாத்தியமான யுகுலேலேயைச் செய்து பார்க்கும் ஆசையில் இன்ஸ்டாகிராமில் "டோன்வுட் செட்" (வாத்தியம் செய்வதற்கான மரத்துண்டுகள்) வாங்கப் போகிறவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்தது 5,200 ரூபாய். வந்தது சரியாகக் காயாத பச்சை மரமும், கறுப்புச் சாயம் பூசிய ஒரு ஃபிங்கர்போர்டும் (கழுத்தில் விரல் வைத்து வாசிக்கும் பலகை). விற்றவர் பெயரைப் போடவில்லை. இதே பேச்சைப் பேசி விற்கிற பக்கங்கள் இன்னும் இருக்கின்றன, பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

கான்சர்ட் அளவு யுகுலேலேக்கு மஹோகனி செட் கேட்டேன். "அஞ்சு வருஷம் சீசன் பண்ணின மரம் ப்ரோ, வந்த அன்னிக்கே வேலையை ஆரம்பிக்கலாம்" என்று எழுத்திலேயே உறுதி கொடுத்தார். பார்சல் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி வந்தது. உள்பக்கம் பனி பூத்த மாதிரி ஈரம். கேட்டதற்கு, மழைக்காலம், கூரியர் வண்டியில் அப்படித்தான் இருக்கும் என்றார்.

பின்பலகையை 2 மில்லிமீட்டருக்கு இழைத்து, பலகைக்குத் தாங்கலாக இருக்கும் பிரேஸ் என்ற மரக்குச்சிகளைக் குறுக்கே ஒட்டி வைத்தேன். ஒரு வாரம் தாங்கவில்லை. நடு இணைப்புக்குப் பக்கத்தில் மர ரேகை ஓடும் திசையிலேயே ஒரு பிளவு, விரல் நகம் இறங்கும் அகலத்துக்கு. ஒரு பிரேஸின் இரண்டு முனையும் பலகையை விட்டு எழும்பி நின்றன.

இது ஏன் நடக்கிறது என்று புதிதாகச் செய்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மரம் காயும்போது நீளவாக்கில் அனேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். பலகையின் ரேகைக்குக் குறுக்கே ஒட்டிய பிரேஸ் தன் நீளத்தில் அப்படியே இருக்கும். பலகை சுருங்கப் பார்க்கும், பிரேஸ் விடாது. கடைசியில் பலகை பிளக்கும், அல்லது பசை விடும். எனக்கு இரண்டுமே நடந்தது. மேசை நாற்காலியில் மரத்தின் தடிமன் ஓரளவு தாங்கிக்கொள்ளும். 2 மில்லிமீட்டர் பலகையில் அதற்கெல்லாம் இடமே இல்லை.

மீதியிருந்த ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் வைத்துத் தினமும் எடை பார்த்தேன். 74 கிராமில் ஆரம்பித்து 61-ல் வந்து நின்றது. அத்தனையும் தண்ணீர். ஐந்து வருஷம் காய்ந்த மரம் இப்படி எடை இறங்காது. நீங்களும் இதைச் செய்யுங்கள். மாயிச்சர் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. எடை ஒரே இடத்தில் நிற்கும்வரை பசைப் பாட்டிலைத் தொட வேண்டாம், விற்கிறவர் என்ன சத்தியம் பண்ணினாலும் சரி.

அப்புறம் அந்த "ரோஸ்வுட்" ஃபிங்கர்போர்டு. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன், துணி மை கொட்டிய மாதிரி ஆனது. உண்மையான ரோஸ்வுட்டிலும் ஸ்பிரிட் பட்டால் ஊதா கலந்த பழுப்பு கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. இது சுத்தக் கறுப்பு. ஓரத்தை லேசாகச் சீவினால் உள்ளே வெளிர் மஞ்சள்.

சாயத்தைக்கூட மன்னிக்கலாம், ஃப்ரெட் (சுரங்களைப் பிரிக்கும் குறுக்கு உலோகக் கம்பி) பதிக்கும் வெட்டை மன்னிக்கவே முடியாது. 380 மில்லிமீட்டர் ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம், என்று சொல்லி விற்றது. அப்படியானால் கழுத்தின் முனையில் கம்பி தொடங்கும் நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் சரிபாதியில், 190-ல் இருக்க வேண்டும். அளந்தால் 187. சரி, 374 ஸ்கேல் என்று வைத்துக்கொண்டு கம்பியின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜை நகர்த்தி ஒட்டிவிடலாமா என்று பார்த்தேன். அந்தக் கணக்குப்படி 5-வது ஃப்ரெட் 94-க்குள் விழ வேண்டும், இதில் 96-ல் இருக்கிறது. எந்த ஸ்கேலுக்கும் ஒத்துவராத பலகை அது. அதில் ஃப்ரெட் அடித்து, கம்பி கட்டி, எவ்வளவு ட்யூன் பண்ணினாலும் சுருதி சேராது. முதல் முறை செய்கிற ஒரு பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்து இந்த வேலையையே விட்டுவிடும். எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

படங்களோடு கேட்டேன். முதலில் "உங்க பசை சரியில்ல சார்". பிறகு "அன்பாக்சிங் வீடியோ இருக்கா?" பிளவு விட்டது ஒரு வாரம் கழித்து, பெட்டி திறக்கும் வீடியோவில் அது எப்படித் தெரியும்? அதற்குப் பதில் இல்லை, பிளாக் செய்துவிட்டார்.

அதே பக்கத்தில் "இந்தியன் கோஆ" என்று ஒன்றும் விற்கிறார்கள். கோஆ ஹவாய்த் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம். 1879-ல் மதீராவிலிருந்து ஹொனலுலுவில் வந்து இறங்கிய போர்த்துகீசியத் தச்சர்கள் அங்கே கிடைத்த அந்த மரத்தில் செய்ததால்தான் யுகுலேலேயோடு சேர்ந்து அதற்கும் பெயர் வந்தது. அந்தப் பெயரைக் காட்டி இங்கே விலை ஏற்றுகிறார்கள், ஏமாற வேண்டாம்.

நம் ஊரில் நல்ல மரத்துக்குப் பஞ்சமே இல்லை. பழைய வீடு இடித்த மரம் விற்கிற கடைகளில் பல வருஷம் காய்ந்த பலா கிடைக்கும். தஞ்சாவூர் வீணையே பலாவில்தான் செய்கிறார்கள். நேரில் போய், தட்டிப் பார்த்து, ஆணி ஓட்டை இல்லாத துண்டாகத் தேர்ந்தெடுங்கள். ஆன்லைனில்தான் வாங்கியாக வேண்டும் என்றால், தராசில் வைத்த படமும், ஃபிங்கர்போர்டின் மேல் அளவுகோலை வைத்த படமும் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தனிநபர் யுபிஐ எண்ணுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் சாட்டையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காமல் வைத்து, நீங்களும் பதிவு செய்யுங்கள்.