மாலை ஆறரைக்குச் சுவருக்குள் போய்விடும் அலுவலகம்: ஒரு மடக்கு மேசையின் பதினொரு மாதங்கள்

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய எங்கள் பூர்விக வீட்டின் கூடத்தில், சென்ற சித்திரை மாதத்திலிருந்து, சுவரோடு மடங்கும் மேசை ஒன்றில் அமர்ந்து வேலை பார்த்து வருகிறேன். திருச்சியிலுள்ள ஒரு சிறு தச்சுப் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்து வாங்கியது அது. வாங்கிய வாரமே எழுதியிருந்தால் இந்த மதிப்புரை வெறும் புகழுரையாக இருந்திருக்கும்; ஒரு மழைக்காலத்தையும் ஒரு மார்கழியையும் மேசை கண்டுவிட்டதால் இப்போது குறைகளையும் சேர்த்துச் சொல்ல முடிகிறது.

மேசைக்கு முன்பு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, வேறு பலரைப் போலவே நானும் மடிக்கணினியுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். எங்கள் நிறுவனம் பிறகு அதையே நிரந்தரமாக்கிவிட்டதால், சென்னை வாடகையை விட்டுவிட்டு அம்மாவுடன் வந்து தங்கிவிட்டோம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, கொல்லை என்று ரயில்பெட்டி போல நீண்டு கிடக்கும் பழைய வீடு இது. வெளிச்சமும் காற்றும் இணையத் தொடர்பும் ஒருசேரக் கிடைக்கும் ஒரே இடம் கூடம்தான். வருகிறவர்கள் உட்காரும் இடமும், மகள் வீட்டுப்பாடம் எழுதும் இடமும், அம்மா காய் நறுக்கும் இடமும் அதுவே. அங்கே ஒரு கணினி மேசையை வாங்கிப் போட்ட நாளிலிருந்து, யார் வந்தாலும் அந்த மேசையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்ளத் தொடங்கினார்கள். நான் வேலையை முடித்து எழுந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தாலும், கம்பிகளும் காகிதங்களும் பரவிக் கிடக்கும் மேசையைப் பார்க்கிறவருக்கு அது தெரியாதே. பக்கத்து வீட்டு மாமி வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போக ஆரம்பித்தார். அழைப்பில் இருக்கும்போது உறவினர் யாராவது உள்ளே வந்தால் நான் கையை மட்டும் அசைப்பேன். “இந்த வீட்டுக்கு வர்றவங்கள வாய் நிறைய வாங்கன்னு கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு” என்று அம்மா ஒருநாள் கேட்டதைக் குறையாகச் சொல்லவில்லை என்று அவர் சொன்னாலும், குறையாகத்தான் சொன்னார்.

ஆகவே எனக்குத் தேவைப்பட்டது நல்ல மேசை என்பதைவிட, வேலை முடிந்ததும் இல்லாமல் போகக்கூடிய மேசை. இணையத்தில் பார்த்த ஆயத்த மடக்கு மேசைகள் பெரும்பாலும் துகள் பலகையில் செய்தவை. விலை 5,000 ரூபாயில் தொடங்கியது. துகள் பலகை ஒருமுறை ஈரம் குடித்து ஊதினால் மறுபடி பழைய வடிவத்துக்கு வராது. அதில் ஒருமுறை கழன்ற திருகாணியும் அதே துளையில் மீண்டும் பிடிக்காது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மழைக்காலத்தில் உப்பு ஜாடியே கசியும் ஊரில் அதை வாங்க மனம் வரவில்லை. பட்டறையில், ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகையான மரைன் பிளைவுட்டில் செய்து தர 13,200 ரூபாய் கேட்டார்கள். பொருத்தும் கூலியும் அதிலேயே அடக்கம். பலகையில், மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருப்பதைத் தாமாகவே காட்டினார்கள். மரைன் என்று பேசி முடித்துவிட்டுக் அந்த அளவு ஈரம் தாங்காத கமர்ஷியல் பிளையைத் தலையில் கட்டுவது நடக்கக்கூடிய விஷயம் என்பதால், பலகையின்மேல் மைக்காத் தகடு ஒட்டுவதற்கு முன்பே ஒருமுறை பட்டறைக்குப் போய் அந்த முத்திரையைப் பார்த்துவிடுவது நல்லது. ஒட்டிய பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

மேசையின் அமைப்பு எளிமையானது. 4 அடி அகலமும் 6 அங்குல ஆழமும் உள்ள ஒரு பெட்டி சுவரில் பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் கீழ் விளிம்பில் முழு நீளத்துக்கும் ஓடும் பியானோ கீலில், 20 அங்குல ஆழமுள்ள பலகை ஒன்று தொங்குகிறது. பலகையை இறக்கினால் மேசை. ஏற்றினால் பெட்டியின் கதவு. மடிக்கணினி, விசைப்பலகை, கோப்புகள், மின்செருகி எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், மாலையில் எதையும் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டியதில்லை, கதவைத் தூக்கி மூடினால் போதும். இந்தக் கடைசி வசதியைத்தான் நான் மிகவும் உயர்வாக மதிப்பேன். சாப்பாட்டு மேசையில் வேலை பார்த்த நாட்களில் தினமும் இருமுறை எல்லாவற்றையும் எடுத்து அடுக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஒழுங்கு எங்கள் வீட்டில் பத்து நாளுக்கு மேல் நீடித்ததில்லை.

பொருத்துவதில்தான் பட்டறைக்காரரின் அனுபவம் தெரிந்தது. எங்கள் வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய பழைய சுவர். பருமன் அதிகம், ஆனால் டிரில் வைத்தால் காரை மாவாகக் கொட்டும், ஆங்கர் போல்ட் பிடிப்பில்லாமல் சுழலும். மேசையின் முன் விளிம்பில் முழங்கையை ஊன்றும்போது நம் உடலின் பாரம் நெம்புகோல் போல வேலை செய்து, பெட்டியின் மேற்பகுதியைச் சுவரிலிருந்து வெளியே இழுக்கும். மேசை சிறியதுதானே, சுவர் தாங்காதா என்று நான் கேட்டதற்கு, மேசையின் எடை தமக்குக் கவலையில்லை, அதன்மேல் சாய்கிறவரின் எடைதான் கவலை என்றார். சங்கிலியோ மடக்குத் தாங்கியோ வைக்காமல், பலகையின் அடியில் தரைவரை இறங்கும் மரச்சட்டக் கால் ஒன்றை வைத்து, பாரத்தின் பெரும்பகுதியைத் தரைக்கு அனுப்பிவிட்டார். பெட்டியை நேரடியாகச் சுவரில் அறையாமல், முதலில் இரண்டு தேக்கு ரீப்பர் சட்டங்களைச் செங்குத்தாகப் பதித்து அவற்றின்மேல் திருகினார். இப்போதைய அடுக்ககங்களில் எடை குறைந்த கட்டிகளால் சுவர் எழுப்பியிருப்பவர்களும் இதே கேள்வியைப் பொருத்துகிறவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தச் சட்டக் காலுக்கு நாங்கள் எதிர்பாராத ஒரு பயனும் கிடைத்தது. பலகையை ஏற்றி மூடும்போது கால் மடங்கி அதன் வெளிப்புறத்தைச் சுற்றிப் படச்சட்டம் போல அமைந்துவிடுகிறது. நடுவிலுள்ள பரப்புக்குக் கரும்பலகை வண்ணம் அடிக்கச் சொன்னது மகளின் யோசனை. மாலையில் மேசை மறைந்ததும், கூடத்துச் சுவரில் சட்டமிட்ட கரும்பலகை ஒன்று இருப்பதாகத்தான் வருகிறவர்களுக்குத் தோன்றும். அதில் மகள் கோலம் போடுகிறாள், அம்மா பால் கணக்கு எழுதுகிறார், யாராவது ஊரிலிருந்து வருவதாக இருந்தால் அவர்கள் பெயரைப் பெரிதாக எழுதி வைக்கிறார்கள். மேசைக்காகச் செலவழித்த தொகையில் இந்த வண்ணத்துக்கானது மிகச் சொற்பம், ஆனால் மாமி மறுபடி உள்ளே வந்து உட்காரத் தொடங்கியதில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 29 அல்லது 30 அங்குல உயரத்தில் இருக்கின்றன. நான் 5 அடி 1 அங்குலம். அந்த உயரத்தில் தட்டச்சு செய்தால் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும், நாற்காலியை உயர்த்தினால் பாதம் தரையில் படாது. பட்டறையில் என்னை உட்காரவைத்து, முழங்கையை மடித்த நிலையில் தரையிலிருந்து அளந்து, 26 அங்குலத்தில் கீலை வைத்தார்கள். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால் கழுத்தையோ தோளையோ ஒன்றைத் தியாகம் செய்யத்தான் வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வருமாறு பெட்டிக்குள் ஒரு தட்டு அமைத்து, விசைப்பலகையைத் தனியாக வாங்கிக்கொண்டேன்.

விளக்கில் முதலில் தவறியது நான்தான். பெட்டிக்குள் பொருத்த ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவு 6500 என்று அச்சிட்ட எல்.இ.டி. பட்டையை நானே தேர்ந்தெடுத்தேன்; பகலில் குறை தெரியவில்லை, பொழுது சாய்ந்தபின் அந்த நீலம் பாய்ந்த வெள்ளையில் கூடம் முழுவதும் மருந்துக்கடை போலக் காட்சியளித்தது. 3000 கெல்வினுக்கு மாற்றியபோது அகல் விளக்கின் மஞ்சளுக்கு அது ஓரளவு நெருங்கி வந்தது. மேசையை முற்றத்துச் சன்னலுக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்ததால் இடப்புறமிருந்து வெளிச்சம் விழுகிறது. காணொளி அழைப்பிலும் முகம் இருட்டாகத் தெரிவதில்லை.

இனிக் குறைகள். பத்து நாளில் தருவதாகச் சொன்ன மேசை வந்து சேர நான்கு வாரம் ஆனது; நடுவில் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் பாலிஷ் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள், ஆனால் எங்கள் மேசையில் பாலிஷுக்கு வேலையே இல்லை, முழுவதும் மைக்காதான். ஐப்பசி மழையில் பலகையின் முன் விளிம்பில் மைக்காப் பட்டை ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்தது. இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை, மூடிய பலகையைப் பிடித்துக்கொள்ள வெறும் காந்தப் பூட்டு ஒன்றை மட்டும் வைத்தது. ஏழெட்டுக் கிலோ எடையுள்ள பலகை அது. மூன்றாம் மாதத்தில் ஒருநாள் மகள் கோலத்தை அழித்துக்கொண்டிருந்தபோது காந்தம் விடுபட்டுப் பலகை கீழே சாய்ந்தது. அவள் ஓரமாக நின்றதால் அடிபடவில்லை. அன்று மாலையே இருபுறமும் பித்தளைத் தாழ்ப்பாள் போடவைத்தேன். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் தாழ்ப்பாள் இல்லாமல் இந்த மாதிரி மேசையை ஏற்றுக்கொள்ளவே கூடாது. பட்டறைக்காரர் வருத்தம் தெரிவித்து வந்து பொருத்திக் கொடுத்தார், கூலியும் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாற்காலிக்கு இந்த மேசையிடம் விடை இல்லை. மேசை மறைந்த பிறகும், சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி, போக மறந்த விருந்தாளி போலக் கூடத்தின் நடுவே நிற்கும். அதைச் சமையலறை ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தோம், அம்மா தடுக்கிக்கொண்டார். இப்போது தாத்தாவின் பிரம்பு நாற்காலியில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்காருகிறேன். கூடத்துக்கு அது பொருந்துகிறது, என் இடுப்புக்குப் பொருந்தவில்லை, மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார முடிவதில்லை. ஒருவேளை அடிக்கடி எழுந்து நடப்பதற்கு அதுவே காரணமாகிவிட்டது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்.

ஓசையையும் மேசை தடுக்காது. குக்கர் விசில், தெருவில் வரும் கீரைக்காரர், உற்சவ நாட்களில் நாகசுரம் எல்லாம் அழைப்புகளுக்குள் வரத்தான் செய்கின்றன. இதற்கு வீட்டில் செய்துகொண்ட ஏற்பாடு செலவில்லாதது: மேசையில் மகளின் மரப்பாச்சி பொம்மை நின்றால் நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றும், படுத்திருந்தால் யாரும் வந்து பேசலாம் என்றும் பொருள். விருந்தாளிகளுக்கும் இந்த வழக்கம் ஒரே நாளில் பிடிபட்டுவிடுகிறது.

மேசைக்கு உண்மையான சோதனை வைகுண்ட ஏகாதசிக்கு வந்தது. சென்னையிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். முந்தைய இரவு மேசையை மூடி, தாழ்ப்பாளிட்டு, அதன் அடியிலேயே பாய் விரித்து நான்கு பேர் படுத்தார்கள். முன்பிருந்த கணினி மேசை இருந்திருந்தால் இரண்டு பேரைத் திண்ணைக்கு அனுப்பியிருக்க வேண்டும், மார்கழிப் பனியில். பரமபத வாசல் சேவிக்க எல்லோரும் விடிவதற்கு முன்பே புறப்பட்டுப் போனார்கள். திருச்சி மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை, ஆனால் என் நிறுவனம் இருப்பது பெங்களூருவில். கோயிலிலிருந்து களைத்து வந்து கூடம் முழுவதும் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் நடுவே, ஒன்பதரைக்கு நான் பலகையை இறக்க வேண்டியிருந்தது. கால் ஊன்ற இடமில்லாமல் சித்தப்பாவின் பாயைச் சற்று இழுத்தபோது அவர் விழித்துக்கொண்டு, தாமே எழுந்து போய் ஊஞ்சலில் படுத்துக்கொண்டார். வேலை முடிந்த பிறகு வீட்டைத் திருப்பித் தருகிற மேசைதான் இது. வேலை நேரத்தில் கூடம் அலுவலகம்தான்.

ஒரு மடிக்கணினியோடு வேலை முடிந்துவிடும் ஆட்களுக்கு, தனி அறை இல்லாத வீடுகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இரண்டு திரை வைத்துக்கொள்கிறவர்களுக்கு 20 அங்குல ஆழம் போதாது. தனி அறை இருப்பவர்கள் அந்த அறையின் கதவை மூடிக்கொண்டால் போதும், 13,200 ரூபாய் மிச்சம். செய்யக் கொடுப்பவர்கள் பெட்டியின் மேற்புறத்தில் காற்றுத் துளைகள் கேட்டு வாங்குங்கள். ரவுட்டரையும் சார்ஜரையும் உள்ளே வைத்து மூடினால் சூடு தங்குகிறது, எங்களுடையதில் அதைப் பிறகுதான் போட்டோம். பெயர்ந்த மைக்காப் பட்டையைச் சரிசெய்ய பங்குனி பிறந்ததும் வருவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். கரும்பலகையின் மூலையில் அம்மா அதையும் எழுதி வைத்திருக்கிறார்.