கழுத்தை வெட்டும் வேலைக்கு ஒரு பட்டறை: பீன்யா அனுபவம்

வீட்டு வாசலில் வைத்தே ஒரு சாப்பர், அதாவது முன்பக்கம் நீண்டு சாய்ந்த மாற்றியமைத்த மோட்டார் சைக்கிள், கட்ட நினைக்கிறவர் ஏறத்தாழ எல்லா வேலையையும் தாமே செய்துவிடலாம். எஞ்சினை இறக்கிப் பிரிக்கலாம், வயரிங்கை உருவிவிட்டுப் புதிதாக இழுக்கலாம், டேங்கைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம், சீட்டுக்குத் தகடு வெட்டலாம். சேஸின் கழுத்தை, அதாவது ஹேண்டிலும் முன்ஃபோர்க்கும் பொருந்தித் திரும்பும் பகுதியை, அறுத்து வேறு கோணத்தில் சாய்த்து மீண்டும் பற்றவைப்பதை மட்டும் வீட்டில் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் வண்டிக்காரரிடமே விட்டுவிடும் சிறிய பட்டறை ஒன்று பெங்களூரு பீன்யாவின் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. லேத்தும் வெல்டிங்கும் செய்கிற நூற்றுக்கணக்கான கூடங்களுக்கு நடுவே ஒரு ஷட்டர், உள்ளே மேஸ்திரியும் இரண்டு பையன்களும், அவ்வளவுதான். அல்சூரிலிருந்து என் பழைய புல்லட்டின் சேஸை அங்கே கொண்டுபோய்க் கொடுத்து வாங்கியதை வைத்து இதை எழுதுகிறேன்.

மேஸ்திரி கோலார் தங்கவயல்காரர். 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டபோது வேலை இழந்த தமிழ்க் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்; தகப்பனார் சுரங்கத்தின் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். இதைச் சொல்லக் காரணம் உண்டு. பெங்களூருவில் புல்லட்டை அலங்கரித்துத் தரும் கடைகள் பல இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேச்சு ஹேண்டில்பாரில் தொடங்கிப் பெயிண்டில் முடியும். இங்கே முதல் பேச்சே அளவைப் பற்றித்தான். நான் கொண்டுபோன படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாய்க்கிறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல சார். சாய்ச்ச வண்டிய திருப்பப்போறது நீங்கதான, அத முதல்ல பாப்போம்" என்று சொல்லி, சேஸைக் கீழே வைக்கும் முன்பே சக்கரத்தின் ஆரத்தைக் கேட்டார்.

அந்தக் கேள்வியின் பொருளைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் பட்டறையின் மதிப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஹேண்டில் திரும்பும் அச்சைக் கற்பனையாகக் கீழே நீட்டினால் அது தரையை ஓரிடத்தில் தொடும். முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். வண்டி கையை விட்டாலும் நேராகப் போக விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கழுத்தைச் சாய்க்கச் சாய்க்க இந்த இடைவெளி வளரும். என் வண்டியின் 19 அங்குல முன்சக்கரத்துக்கு ஆரம் சுமார் 320 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்திலிருந்து 28 டிகிரி சாய்வும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களைப் பிடிக்கும் தட்டுகளில் 60 மி.மீ. முன்தள்ளலும் (திரும்பும் அச்சிலிருந்து ஃபோர்க் முன்னே தள்ளி நிற்கும் தூரம்) இருந்தால் டிரெயில் ஏறத்தாழ 100 மி.மீ. வரும். தட்டுகளை மாற்றாமல் கழுத்தை மட்டும் 38 டிகிரிக்குச் சாய்த்தால் அது சுமார் 175 மி.மீ. ஆகிவிடும். அப்படிப்பட்ட வண்டி நெடுஞ்சாலையில் தண்டவாளத்தில் போவதைப் போலப் போகும்; சில்க் போர்டு சிக்னலில் நடை வேகத்தில் ஊரும்போதோ ஹேண்டில் தானாக ஒரு பக்கம் சரிந்து விழப் பார்க்கும், அதைப் பிடித்து நிறுத்துவதிலேயே தோள் ஓய்ந்துவிடும்.

இதற்கு மருந்து முன்தள்ளலைக் கூட்டுவது. மேஸ்திரி கணக்குப் போட்டு, தட்டுகளை 95 மி.மீ. முன்தள்ளலோடு புதிதாக வெட்டினால் டிரெயில் 130 மி.மீ. அளவில் நிற்கும் என்று காட்டினார். பட்டறையில் இந்தத் தட்டுகளை டீ என்று சொல்கிறார்கள். அலுமினியக் கட்டியிலிருந்து மில்லிங்கில் வெட்டி, கழுத்தின் பேரிங்கான கோன் செட் உட்காரும் இடத்தை லேத்தில் முடித்துத் தந்தார்கள். கழுத்தைச் சாய்த்ததாலும் முன்தள்ளலைக் கூட்டியதாலும் வண்டியின் முன்பக்கம் கீழே இறங்கிவிடும் என்பதால், சேஸ் மட்டமாக நிற்க ஃபோர்க் சுமார் 5 அங்குலம் நீள வேண்டும் என்பதும் அதே தாளில் இருந்தது. நான் கேட்டது 10 அங்குலம். படத்தில் அதுதான் கம்பீரமாக இருந்தது. 10 அங்குலம் நீட்டினால் மூக்கு வானத்தைப் பார்க்கும், சாய்வு மேலும் கூடும், போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும் என்று விளக்கி அவர் மறுத்தார். வாடிக்கையாளர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டாத பட்டறை என்பது எனக்குக் குறையாகப் படவில்லை.

நீட்டும் முறையிலும் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பழைய ஃபோர்க் குழாயின் தலையில் மரையிட்ட துண்டு ஒன்றைத் திருகி நீளத்தைக் கூட்டுவது மலிவான வழி. பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் அந்தத் துண்டுகள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. சாய்ந்த ஃபோர்க்கில் பளு குழாயை அமுக்குவதோடு நில்லாமல் வளைக்கவும் பார்க்கும் என்பதால், ஒட்டு விழுந்த இடம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். அவர் அதைத் தொடுவதே இல்லை. முழு நீளத்துக்கும் ஒரே குழாயாகக் கடைந்து, ஹார்டு குரோம் ஏற்றி, கிரைண்டிங் முடித்துத் தருகிறார். குரோம் வேலை வேறொரு கூடத்துக்குப் போய் வருவதால் இங்கேதான் தாமதம் ஆகிறது. சொன்ன தேதிக்குக் கிடைக்காது என்று முன்கூட்டியே மனத்தைத் தயார் செய்துகொள்வது நல்லது. தாமதத்தைவிட, கேட்டால் ஒழிய அதைத் தெரிவிக்காத பழக்கம்தான் எரிச்சலூட்டியது. இந்தக் காலத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்ப என்ன கஷ்டம் என்று தெரியவில்லை.

வெல்டிங்கைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பழைய புல்லட்டின் சேஸுக்கு அடியில் எஞ்சினைச் சுமக்கும் முழுத் தொட்டில் கிடையாது. முன்குழாய்க்கும் பின்பகுதிக்கும் நடுவே எஞ்சினே சட்டத்தின் ஓர் அங்கமாக நின்று பளுவைத் தாங்குகிறது. எஞ்சின் இல்லாத வெறும் சேஸை அப்படியே அறுத்தால் அது தன் போக்கில் கோணிக்கொள்ளும். இவர்கள் உள்ளுறுப்புகள் எதுவும் இல்லாத ஒரு வெற்று எஞ்சின் கூட்டைச் சேஸில் போல்ட் போட்டு முடுக்கி, பிறகுதான் அதை அசையாமல் பிடிக்கும் சட்டமான ஜிக்கில் ஏற்றுகிறார்கள். மேல்குழாயும் முன்குழாயும் அறுபடும் இடங்களில், உள்ளே இறுக்கமாகச் செல்லும் உட்குழாய்த் துண்டு வைத்து, வெளிக்குழாயில் துளையிட்டு அதன் வழியாகவும் பற்றவைக்கிறார்கள். புதிதாகச் சேரும் குழாய்கள் சீம்லெஸ் வகை. வீட்டு கேட்டுக்கும் கிரில்லுக்கும் பயன்படும் நெடுக்கு ஒட்டு விழுந்த குழாய்களை அவர் பட்டறைக்குள்ளேயே வைத்திருப்பதில்லை. கழுத்தைச் சுற்றி டிக் வெல்டிங், அதன்மேல் இரு பக்கமும் முக்கோணத் தாங்கு தகடுகள். எல்லாம் ஆறிய பிறகு சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தெளித்துக் காட்டினார். மேற்பரப்பில் விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசிந்து தெரியும். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான், ஆனாலும் அலங்காரக் கடைகளில் ஒட்டின் மேல் பட்டி பூசி வழவழப்பாக்கிப் பெயிண்ட் அடித்துத் தருவதே வழக்கமாக இருக்கிறது. இங்கே ஒட்டைத் தேய்க்க மாட்டேன் என்கிறார். தேய்த்தால் வலு குறையும் என்பது அவர் வாதம், அது சரியும்கூட. கண்ணுக்கு வரிவரியாகத் தெரியும் ஒட்டு பிடிக்காதவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

பின்பக்கம் ஷாக் இல்லாத ஹார்டு டெயில் வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அதையும் அவர் செய்து தருகிறார். மூலையில் முடிந்த வேலை ஒன்று நிற்கவும் செய்தது. ஆனால் நம் ஊர் வேகத்தடைகளைக் குறிப்பிட்டு, முதுகெலும்பின் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொன்னார். பின்சக்கரத்தோடு மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மை வைத்துக்கொண்டு, ஷாக்குகளின் மேல்பிடிப்பை மட்டும் கீழே இறக்கிச் சாய்த்தோம். தோற்றத்தில் தூய சாப்பர்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்குக் கவலையில்லை.

சேஸைத் திருப்பித் தரும்போது கையால் எழுதிய ஒரு தாளும் தருகிறார்கள்: கழுத்தின் கோணம், டிரெயில், இரு சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம், முன்பின் சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்கும் துல்லியம். என் வண்டியில் அச்சுத் தூரம் சுமார் 200 மி.மீ. கூடியிருக்கிறது, ஆகவே அல்சூர்ச் சந்துகளில் ஒரே வீச்சில் திருப்புவதை மறந்துவிட வேண்டியதுதான். வீட்டில் மீதி வேலையைச் செய்யும்போது இந்தத் தாள் பெரிய உதவி. கிளட்ச் கேபிளும் ஆக்ஸிலரேட்டர் கேபிளும் எவ்வளவு நீளம் வேண்டும் என்று அதைப் பார்த்தே ஜே.சி. ரோட்டில் சொல்லிச் செய்துகொண்டேன். வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டை அடிப்படையாக எடுத்ததும் வீட்டு வேலைக்கு வசதியாக இருந்தது. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. ஓட்டமும் கொண்ட 346 சிசி எஞ்சின், குறைந்த சுழற்சியிலேயே இழுக்கும் குணம், கணினி எதுவும் இல்லாத எளிய வயரிங். திருவொற்றியூரில் பிறந்த இந்த வண்டிக்கு உதிரி பாகம் கிடைக்காத ஊரே தென்னாட்டில் கிடையாது.

மின்வேலையை மட்டும் இந்தப் பட்டறையில் கொடுக்காதீர்கள். தெரிந்தவர் கேட்கிறார் என்பதற்காக அவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஹேண்டில்பாருக்குள் வயரைச் செருகும் துளைகளை ஓரம் மழுக்காமல் விட்டிருந்தார்கள், வயரின் மேலுறை உரசிக் கிழியும் நிலையில் இருந்தது. துளைக்கு ரப்பர் வளையம் போட்டு நானே சரிசெய்துகொண்டேன்.

இனி, பட்டறையின் உண்மையான குறைக்கு வருகிறேன். உள்ளே நுழைந்ததும் ஆர்.சி.யைக் கேட்கிறார்கள், கழுத்தில் பொறித்த சேஸ் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், எண் இருக்கும் இடத்தில் கிரைண்டர் படாமல் வேலை செய்கிறார்கள். திருட்டு வண்டி தன் கைக்கு வரக் கூடாது என்ற இந்த எச்சரிக்கை பாராட்டத்தக்கது. ஆனால் இப்படி மாற்றிய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டலாமா என்ற கேள்விக்கு மேஸ்திரி வாயே திறப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்துத் தந்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தில் சேர்ந்த 182அ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கழுத்துக் கோணமும் அச்சுத் தூரமும் மாறிய வண்டி இந்தத் தடைக்குள் வராது என்று யாரும் வாதாட முடியாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இது இடம் கொடுக்கும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்; என் சாப்பர் ஓசூர்ப் பக்கம் நண்பரின் தோட்டத்துச் செம்மண் பாதையில்தான் ஓடுகிறது, கண்காட்சிக்குப் போவதென்றால் டாடா ஏஸில் ஏறித்தான் போகிறது. ஆனால் பட்டறையில் எனக்கு முன்னால் நின்ற இளைஞர், தினமும் அலுவலகத்துக்கு அதில்தான் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டிரெயில் கணக்கை அரை மணி நேரம் விளக்கத் தெரிந்தவருக்கு இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

சாலையில் ஓட்டுவதே நோக்கம் என்றால், தொழிற்சாலையே செய்து தரும் வண்டிகள் இப்போது இருக்கின்றன. 2024 நவம்பரில் வந்த ராயல் என்ஃபீல்டு கோவன் கிளாசிக் 350, உயர்ந்த ஹேண்டில்பாரும் தாழ்ந்த இருக்கையுமாக ஷோரூம் விலை 2.35 லட்சம் ரூபாயில் தொடங்கியது. அது பாபர் வகை, சாப்பரின் நீண்ட மூக்கு அதற்கு இல்லை, ஆனால் ஆர்.சி.யைக் காட்டத் தயங்க வேண்டியதும் இல்லை.

கழுத்து வேலை, தட்டுகள், ஃபோர்க் குழாய்கள், பின்பிடிப்பு எல்லாம் சேர்த்து எனக்குச் சுமார் 60,000 ரூபாய் ஆனது. வெறும் கழுத்தை மட்டும் சாய்த்துத் தரும் கடைகள் இதில் பாதிக்கும் குறைவாகக் கேட்கின்றன. அவை எதிலும் டிரெயில் என்ற சொல்லையே நான் கேட்கவில்லை. போகிறவர்கள் சேஸை மட்டும் கொண்டுபோகாமல் முன்சக்கரத்தை டயரோடும், ஃபோர்க்கைப் பழைய தட்டுகளோடும் சேர்த்துக் கொண்டுபோங்கள், அளவு எடுக்காமல் அவர் எதையும் தொடங்குவதில்லை. பாதிப் பணம் முன்பணம்; ரசீது கேட்டு வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மதிய வேளையில் பீன்யா இண்டஸ்ட்ரி மெட்ரோ நிலையத்திலிருந்து ஆட்டோ கிடைப்பது சிரமம் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.