வாடகை வீட்டுச் சேதம் யார் பொறுப்பு: பழைய சட்டம், புதிய அட்டவணை, கையெழுத்திட்ட ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் வாடகை வீடு ஒன்றில் சேதம் ஏற்பட்டால், செலவு யாரைச் சேரும் என்பதை மூன்று அளவுகோல்களால் பார்க்கலாம்: 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரரின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம், இரு தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம். மூன்றும் ஒரே விடையைத் தருவதில்லை.

பழைய சட்டத்தின் 108ஆம் பிரிவு, வீட்டைப் பெற்ற நிலையிலேயே வாடகைதாரர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. நியாயமான தேய்மானமும், மனித சக்தியால் தடுக்க முடியாத பேரிடரும் மட்டுமே விலக்கு. அவருடைய தவறால் பழுது நேர்ந்திருந்தால், அறிவிப்புக் கிடைத்த மூன்று மாதத்திற்குள் அவர் சரிசெய்ய வேண்டும். பொருளைப் பாராமல் காரணத்தைப் பார்ப்பதே இந்த விதியின் பலம். வெயிலில் வெளுத்த சுவர் தேய்மானம்; பாரமான பொருள் விழுந்து உடைந்த தரை ஓடு தேய்மானம் அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளச் சுவர்கள் ஊறிப்போனதற்கு அங்கே குடியிருந்தவரைப் பொறுப்பாக்க இந்த விதி இடம் தராது. வெள்ளத்தால் வீட்டின் முக்கியப் பகுதி நிரந்தரமாகவே பயன்படாமல் போயிருந்தால், குத்தகையே செல்லாது என்று அறிவிக்கும் உரிமையும் வாடகைதாரருக்கு உண்டு. ஆனால் பழுதுபார்க்கும் பொதுக் கடமை எதையும் இச்சட்டம் உரிமையாளர்மீது தானாகச் சுமத்தவில்லை என்பதும், ஒப்பந்தமோ ஊர் வழக்கமோ வேறாக இருந்தால் அதற்கு வழிவிட்டுவிடுகிறது என்பதும் பெரிய குறைகள்.

அந்த வெற்றிடத்தை 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம் நிரப்புகிறது. கட்டுமானப் பழுது, வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், குழாய் மாற்றம், மின்கம்பி வேலை ஆகியவற்றை அதன் இரண்டாம் அட்டவணை உரிமையாளர் பக்கம் வைக்கிறது. குழாய் வாஷர், கழிவுநீர் அடைப்பு, கீசர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரர் பக்கம். உரிமையாளர் தம் கடமையைச் செய்ய மறுத்தால், வாடகைதாரரே வேலையை முடித்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மாதத்தில் கழிக்கும் தொகை அம்மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. வாடகைதாரர் மறுத்தால் முன்பணத்திலிருந்து பிடித்தம் செய்யலாம். இருநூறு ரூபாய்க் குழாய்க்காக யாரும் உரிமையியல் நீதிமன்றப் படியேற மாட்டார்கள் என்பதால், இவ்வளவு தெளிவான பிரிவினை அன்றாட வாழ்க்கைக்குப் பெரும் துணை.

இந்த இரண்டோடும் ஒப்பிடும்போது, பழக்கத்தில் உள்ள பல ஒப்பந்தங்கள் மிகவும் பின்தங்கியவை. “சிறியதும் பெரியதுமான பழுதுகள் அனைத்தும் வாடகைதாரரையே சேரும்” என்ற ஒற்றை வரியை முத்திரைத்தாளில் எழுதிவிட்டு, காலி செய்யும்போது பெயின்டிங் செலவென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது பரவலான வழக்கம். ஆண்டுக்கணக்கில் குடியிருந்த வீட்டின் சுவர் மங்குவது தேய்மானமே. அதற்கான செலவு, தான் பெறும் வாடகைக்குள் அடங்கியது என்று உரிமையாளர் கருதுவதே நியாயம். மறுபுறம், கசிவைக் கண்டும் மாதக்கணக்கில் சொல்லாமலிருக்கும் வாடகைதாரரால் உரிமையாளர் அடையும் நட்டமும் சிறிதன்று. தகவல் சொல்லும் கடமையையும் காலக்கெடுவையும் தெளிவாக எழுதிவைக்க ஒப்பந்தமே தகுந்த இடம்.

ஓதம் ஏறிய சுவர்தான் மூன்றுக்கும் கடினமான சோதனை. நீர் மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து வருகிறதா, மொட்டைமாடியின் விரிசலிலிருந்தா, வாடகைதாரர் சுவரில் துளையிட்டபோது பழுதான குழாயிலிருந்தா என்பது தெரியாதவரை அட்டவணையும் முடிவு சொல்லாது. காரணம் தெரிந்தபின், முதல் இரண்டு நிலைகளில் குடியிருப்பவரிடம் கேட்க ஒன்றுமில்லை. மூன்றாவதில் கட்டுமானப் பழுதே ஆனாலும் அவரே பொறுப்பு, ஏனெனில் வாடகைதாரர் ஏற்படுத்திய சேதத்தை அட்டவணையே உரிமையாளரின் கடமையிலிருந்து விலக்குகிறது.

ஆகவே என் தேர்வு இதுதான்: சிறு பழுதுகளுக்கு அட்டவணையை அப்படியே ஒப்பந்தத்தில் சேர்க்கலாம், பெரிய சேதங்களுக்குக் காரணத்தை அடிப்படையாகக் கொண்ட பழைய விதியை எழுதலாம், எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டும் ஷரத்தை அடித்துவிட வேண்டும். சாவி கைமாறும் நாளில் இருவரும் சேர்ந்து அறை அறையாகப் பார்த்து, தேதியுடன் படமெடுத்து, குறைகளை எழுதிக் கையெழுத்திட்டால் பின்னாளில் காரணத்தை நிறுவ ஆதாரம் இருக்கும். சச்சரவு முற்றினால், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடமும் அந்தத் தாளே பேசும். வெள்ளத்தில் நனைந்த குளிர்சாதனப் பெட்டிக்கும் மெத்தைக்கும் மட்டும் இம்மூன்றில் எதுவும் கைகொடுக்காது. உரிமையாளர் கட்டடத்திற்கு எடுத்த காப்பீடு வாடகைதாரரின் பொருள்களைக் காக்காது என்பதால், அவற்றுக்கு வாடகைதாரர் தனியாகக் காப்பீடு எடுக்க வேண்டும்.