ஹோல்டன் கொமடோர் ரெட்லைன்: நீண்டகாலப் பயன்பாடும் நாளைய விலையும்

மெல்பேர்னில் 2018இல் நான் வாங்கிய இந்தக் கார், தென் அவுஸ்திரேலியாவின் எலிசபெத் தொழிற்சாலையில் 2016இல் கட்டப்பட்ட ஹோல்டன் கொமடோர் எஸ்எஸ்-வி ரெட்லைன் செடான். விஎப் வரிசையின் இரண்டாம் பதிப்பைச் சேர்ந்த இதில் எட்டு சிலிண்டர் கொண்ட 6.2 லீற்றர் எல்எஸ்3 வி8 எஞ்சினும் ஆறு கியர் மனுவல் பெட்டியும் உள்ளன. 304 கிலோவாட் வலுவும் 570 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையும் பின்சக்கரங்களுக்குப் போகின்றன. வேலைக்கும், கடைக்கும், கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலுக்கும் இதிலேதான் போய் வருகிறேன். கோவில் வாகனத் தரிப்பிடத்தில் யாராவது ஒருவர் காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதை வித்துப்போடாதேங்கோ, இன்னும் விலை ஏறும்" என்று சொல்வது வழமையாகிவிட்டது. அந்த ஆருடத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைக் காரை வைத்து ஓட்டிய அனுபவத்தைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

ஆருடத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. போர்ட் நிறுவனம் 2016 ஒக்டோபர் 7 அன்று பிரோட்மெடோஸ், ஜீலோங் ஆலைகளில் உற்பத்தியை நிறுத்தியது. 2017 ஒக்டோபர் 3 அன்று அல்டோனாவில் டொயோட்டாவும், அதே மாதம் 20ஆம் திகதி எலிசபெத்தில் ஹோல்டனும் நிறுத்தின. 2020 பெப்ரவரியில் ஹோல்டன் என்ற பெயரையே கைவிடுவதாக அதன் உரிமையாளரான அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் அறிவித்தபோது, 1948இல் பிரதமர் பென் சிப்லி முன்னிலையில் முதல் ஹோல்டன் வெளிவந்ததிலிருந்து தொடர்ந்த கதை முடிந்தது. ஆகவே அவுஸ்திரேலியாவில் கட்டப்பட்ட, வேகத்துக்குப் பேர்போன நாலு கதவுக் கார்களின் எண்ணிக்கை இனிக் குறையுமே தவிரக் கூடப்போவதில்லை. விற்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் வசனமும் இதுதான்.

ஆனால் அரிதாக இருப்பது மட்டுமே விலையைத் தந்துவிடாது. 2007இல் டொயோட்டா, அல்டோனாவில் கட்டிய ஒரியன் காரில், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் சுப்பர்சார்ஜர் பூட்டி, டிஆர்டி ஒரியன் என்ற பெயரில் 241 கிலோவாட் வலுவுடன் விற்றது. அடுத்த ஆண்டே டிஆர்டி என்ற அந்த வேகக்கார்ப் பிரிவு மூடப்பட்டதால், கட்டப்பட்டவை மிகச் சில. அப்படியிருந்தும் அதற்காக ஏலத்தில் ஒருவரையொருவர் முந்துபவர்களை நான் பார்த்ததில்லை. அது முன்சக்கரங்களால் இழுபடும் கார். அவுஸ்திரேலியாவின் பேர்போன பாதர்ஸ்ட் மலைக் கார்ப் பந்தயத்தில் அது பேர் வாங்கியதில்லை. அதை விரும்பிச் சுவரில் படம் ஒட்டிய பையன்களும் இல்லை.

அதற்கு எதிர்த்திசையில் நிற்பது 1971இல் 300 அளவில் மட்டுமே கட்டப்பட்ட போர்ட் பால்கன் ஜிடி-எச்ஓ மூன்றாம் கட்டம். அந்த ஆண்டு அலன் மொபற் பாதர்ஸ்டில் வென்றது அந்தக் காரில்தான். 2018இல் அவற்றில் ஒன்று ஏலத்தில் பத்து இலட்சம் டொலரைத் தாண்டியது. எனினும் அந்த இலட்சங்களுக்குப் போன பாதை நேரானதல்ல. 2007 அளவில் உச்சத்தில் இருந்த அதே காரின் விலை, உலக நிதி நெருக்கடி வந்தபோது பாதிக்கும் கீழே விழுந்தது. உச்சத்தில் கடன்பட்டு வாங்கியவர்கள் பலர் நட்டத்தில் விற்றுவிட்டு வெளியேறினார்கள். பொறுமையின் விலையை 1988இன் ஹோல்டன் வோக்கின்ஷோ கொமடோர் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 750 கார்கள் கட்டப்பட்டன. அவற்றின் கண்ணைப் பறிக்கும் பிளாஸ்டிக் உடற்கவசத்தைப் பார்த்து 'பிளாஸ்டிக் பன்றி' என்று சிரித்தார்கள். கடைசியாக வந்தவை விற்பனை நிலையங்களில் தேங்கிக் கிடந்து கழிவு விலைக்குப் போயின. இன்று அதைச் சேகரிப்பவர்கள் பெருந்தொகை கொடுக்கிறார்கள். இடையில் கழிந்த அத்தனை ஆண்டுகளும் காரைக் கூரைக்குள் வைத்து, பதிவும் காப்புறுதியும் கட்டிக்கொண்டு இருந்தவர்களின் செலவை எந்த ஏலச் செய்தியும் கணக்கில் எடுப்பதில்லை.

என் காரின் கணக்கை எடுத்துப் பார்ப்போம். புதிதாக விற்கப்பட்டபோது மனுவல் ரெட்லைனின் பட்டியல் விலை 54,000 டொலரை ஒட்டி இருந்தது. கொவிட் காலத்தில் புதிய கார்கள் கிடைக்காமல் போனபோது, குறைவாக ஓடிய மனுவல் கார்கள் அந்தத் தொகைக்கு மேலேயே கைமாறின. அதன் பின்னர் சந்தை தணிந்தது. சாதாரணக் குடும்பக் கார் ஒன்று அதே காலத்தில் தன் விலையில் பாதியை இழந்திருக்கும் என்பதால் இது பெரிய வெற்றியாகத் தோன்றும். ஆனால் 2016இன் 54,000 டொலர், 2024 முடிவில் ஏறத்தாழ 68,000 டொலருக்குச் சமம். ஆகவே "வாங்கின காசுக்கே வித்தேன்" என்று ஒருவர் பெருமைப்பட்டால், அவர் பணவீக்கத்தை மறந்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். விலை விழாமல் நிற்பது வேறு, இலாபம் தருவது வேறு. கொமடோர் எஸ்எஸ் வரிசையின் மனுவல் கார்களில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை.

ஓடும் செலவும் குறைவல்ல. நகருக்குள் நூறு கிலோமீற்றருக்கு 15 லீற்றருக்கு மேல் குடிக்கிறது. நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் எஞ்சின் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது மட்டுமே அது பத்தை நெருங்கும். முன் ரயர் 245, பின் ரயர் 275 அகலம் என்பதால் முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஆயுளைக் கூட்ட முடியாது; பின் ரயர்கள் எப்போதும் முந்தித் தேய்ந்துவிடும். பிரெம்போ பிரேக்குகளின் தட்டுகளை மாற்றும் நாளில் கைக்கடக்கமான செலவை எதிர்பார்க்கக் கூடாது. இவற்றுக்கெல்லாம் ஈடாகக் கிடைப்பது, ஐந்து பெரியவர்கள் நெருக்கமில்லாமல் இருக்கக்கூடிய இருக்கைகளும், மலைவீதியில் இத்தனை பெரிய கார் என்பதை மறக்கச் செய்யும் திருப்பங்களும், காலையில் கராஜுக்குள் எஞ்சின் எழும்போது வரும் அந்த உறுமலுமாகும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த உறுமலில் என்னளவு ஈடுபாடு இல்லை.

காப்புறுதி தனிக்கதை. சந்தை மதிப்பு என்ற முறையில் காப்புறுதி செய்தால், கார் அழிந்த நாளில் நிறுவனம் கணிக்கும் தொகைதான் கைக்கு வரும். முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற முறையில் செய்தால், ஆண்டுதோறும் கட்டணம் கூடினாலும் எவ்வளவு கிடைக்கும் என்பது எழுத்தில் இருக்கும். இந்த வகைக் காருக்கு இரண்டாவதே பொருத்தம். அத்தோடு, காரின் கணினி இணைப்பில் கருவியொன்றைச் செருகி வெற்றுச் சாவியொன்றைப் பழக்கித் திருடும் முறைக்கு 2006 முதல் 2017 வரையான கொமடோர்கள் விக்டோரியாவில் அடிக்கடி இரையாகின்றன. நான் அந்த இணைப்புக்கு ஒரு பூட்டும், ஸ்டியரிங்குக்குப் பழைய பாணி இரும்புத் தடியும் போட்டிருக்கிறேன். பார்க்க அழகில்லை, தூக்கம் வருகிறது.

உதிரிப்பாகங்களைப் பற்றி எழுதும்போது, உள்ளூரில் கட்டிய கார் என்ற பெருமையின் உள்ளே இருக்கும் முரண்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. இந்தக் காரின் எஞ்சின் அவுஸ்திரேலியாவில் செய்யப்பட்டதல்ல. அமெரிக்காவின் ஷெவர்லே கொர்வெட்டிலும் இருந்த அதே எல்எஸ்3, வட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. அதனாலேயே அதற்கான எந்தப் பாகமும் இன்னும் பல ஆண்டுகளுக்குக் கிடைக்கும். கிடைக்காமல் போவது உண்மையாகவே இங்கே செய்யப்பட்டவைதான்: கதவின் உட்பக்கப் பலகை, முன்பம்பர், விளக்கின் கூடு, இருக்கை உறை. அங்காடித் தரிப்பிடத்தில் உருண்டு வந்த தள்ளுவண்டியொன்று என் முன்பம்பரின் கீழ்ப்பகுதியைப் பிளந்தபோது புதியது கிடைக்கவில்லை. பழைய கார்களைப் பிரித்து விற்கும் முற்றம் ஒன்றில் வெள்ளை நிறத்தில் கிடைத்ததை வாங்கி, என் காரின் நிறத்துக்குப் பூசிப் போட்டோம். போர்ட் காரர்களின் நிலை தலைகீழ். பால்கன் எக்ஸ்ஆர்6 டேர்போவின் 4 லீற்றர் 'பாரா' எஞ்சின் ஜீலோங்கில் வார்க்கப்பட்ட அசல் உள்ளூர்ப் பொருள். அதன் உறுதிக்காக வெளிநாட்டிலும் ஆட்கள் அதைத் தேடுவதால், சில பழைய பால்கன்கள் எஞ்சினுக்காகவே உடைக்கப்படுகின்றன. முழுதாக மிஞ்சும் கார்களுக்கு அது ஒருவகையில் நல்லது.

நண்பர் ஒருவர் தன் எக்ஸ்ஆர்6 டேர்போவை விற்றபோது நானும் உடன் நின்றேன். வாங்க வந்த இளைஞர் முன்மூடியைத் திறக்கும்படி கேட்கவில்லை. முதலில் சேவைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, முத்திரைகளுக்கிடையில் கிலோமீற்றர் ஒழுங்காக ஏறுகிறதா என்று விரலை வைத்து வாசித்தார். பிறகு இரண்டு சாவிகளும் உண்டா என்றார். கைப்பேசி வெளிச்சத்தில் முன் மட்காட்டின் ஆணிகளைப் பார்த்தார்; ஆணியின் தலையில் பூச்சு உரிந்திருந்தால் அந்தத் தகடு ஒருமுறை கழற்றப்பட்டது, அதாவது கார் எங்கோ இடித்திருக்கிறது என்று பொருள். இறுதியாக, "கணினியில் டியூன் மாத்தியிருக்கோ?" என்று கேட்டார். நண்பர் எதையும் மாற்றியிருக்கவில்லை. அந்த ஒரு பதில்தான் பேரத்தை முடித்தது. எக்ஸ்ஆர்6 டேர்போவைச் சிறு செலவில் இன்னும் வேகமாக்கலாம் என்பதால் பெரும்பாலானவை மாற்றப்பட்டுவிட்டன. மாற்றப்படாதவை இப்போது தனியாகத் தேடப்படுகின்றன. கொமடோரிலும் இதுவே நடக்கிறது. புகைபோக்கியை மாற்றினாலும் பழையதை எறியாமல் கராஜின் மூலையில் வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இருபது ஆண்டுகளின் பின் இவற்றை யார் வாங்குவார் என்பதே எனக்குள்ள பெரிய சந்தேகம். மூன்றாம் கட்ட பால்கனுக்கு இலட்சங்கள் கொடுத்தவர்கள் 1971இல் சிறுவர்களாக இருந்து, ஐம்பது வயதுக்குப் பின் கையில் காசு வந்தபோது அந்த ஆசையைத் தீர்த்துக்கொண்டவர்கள். அதே கணக்கில் பார்த்தால் என் காரின் நேரம் 2040, 2050 அளவில் வர வேண்டும். அன்றைய ஐம்பது வயதுக்காரர்கள் யார்? 2021 கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் ஏறத்தாழ பாதிப் பேரின் தாயோ தந்தையோ வெளிநாட்டில் பிறந்தவர். ஹோல்டனா போர்டா என்ற சண்டை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் வீட்டிலும் வந்ததில்லை. என் மகன் பி பிளேட்டில், அதாவது புதிதாக ஓட்டுபவர்களுக்கான தற்காலிக உரிமத்தில், இருக்கிறான். தொன் ஒன்றுக்கு 130 கிலோவாட்டுக்கு மேற்பட்ட கார்களை பி பிளேட்காரர் விக்டோரியாவில் ஓட்டக் கூடாது என்பதால் இந்தக் காரின் சாவியைத் தொடவும் அவனால் முடியாது. நண்பனின் மின்சாரக் கார் இதைவிட வேகமாகப் பாய்கிறது என்று அவன் சொல்லும்போது, எனக்கு எதிர்வாதம் கைவசம் இல்லை.

அதற்காக வி8 செடான்கள் ஒருநாள் இரும்பு விலைக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. வேகம் மலிவாகும்போது, கையால் கியர் மாற்றும் பெரிய எஞ்சினின் அனுபவத்துக்குத் தனி மதிப்பு வரலாம். விக்டோரியாவில் 25 ஆண்டு கடந்த கார்களுக்குக் குறைந்த செலவில், குறிப்பிட்ட நாட்கள் மட்டும் ஓட்ட அனுமதிக்கும் கழகப் பதிவு உண்டு. இந்தத் தலைமுறைக் கார்கள் 2040 அளவில் அந்த வாசலைத் தொடும்போது, வைத்திருக்கும் செலவு குறைந்து, விற்காமல் வைத்திருப்போர் கூடுவார்கள்.

என் கணிப்பில் உச்சிக்குப் போகும் கார்கள் முன்பே முடிவாகிவிட்டன. மெல்பேர்னின் கிளேட்டனில் ஹோல்டனின் வேகக்கார்ப் பங்காளியான எச்எஸ்வி முடித்த, 474 கிலோவாட் எல்எஸ்9 எஞ்சின் கொண்ட ஜிடிஎஸ்-ஆர் டபிள்யு1 ஏறத்தாழ 300 மட்டுமே. போர்ட் பக்கத்தில் கடைசி ஜிடி பால்கனான ஜிடி எப், அவுஸ்திரேலியாவுக்கென்று 500. இவை பிறந்த நாளிலிருந்தே சேகரிப்பாளரின் போர்வைக்குள் போய்விட்டன. விலையும் அப்போதே ஏறிவிட்டது. இவற்றை இப்போது வாங்குபவர் வரப்போகும் ஏற்றத்தின் ஒரு பகுதியை முற்பணமாகக் கட்டுகிறார். அடுத்த வரிசையில் மனுவல் ரெட்லைன்களும் பால்கன் எக்ஸ்ஆர்8 ஸ்பிரின்ட்களும் நிற்கின்றன. இவை பணவீக்கத்தோடு ஓரளவு சேர்ந்து நடக்கும். ஆயிரக்கணக்கில் விற்ற ஓட்டோமற்றிக் எஸ்எஸ்கள் மெல்ல மெல்ல இறங்கி ஓரிடத்தில் நிற்கும்.

போன மாதம் உறவினர் ஒருவர், நன்றாக ஓடித் தேய்ந்த ஓட்டோமற்றிக் எஸ்எஸ் ஒன்றைக் காட்டி, முதலீடாக வாங்கலாமா என்று கேட்டார். முதலீடாக என்றால் வேண்டாம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிரேட் ஓஷன் வீதியில் ஓடுவதற்கு என்றால் வாங்குங்கோ, ஆனால் விற்பவர் கேட்கும் தொகையில் 'இனி இப்படியொரு கார் வராது' என்பதற்காகக் கூட்டிய பகுதியைக் கழித்துவிட்டுப் பேசுங்கோ என்றேன். அவர் கழித்துத்தான் பேசினார். விற்பவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.