கொல்லையில் அக்குவாபோனிக்ஸ்: நாலு மழைக்காலம் பார்த்த பிறகு

மீன் தொட்டித் தண்ணீரையே சுற்றவிட்டு, மண் இல்லாமல் ஜல்லியில் செடி வளர்ப்பதுதான் அக்குவாபோனிக்ஸ். "90 சதவீதம் தண்ணீர் மிச்சம்" என்று சொல்லித்தான் அதை எல்லோரும் விற்கிறார்கள். மன்னார்குடிக்குக் கிழக்கே, கைப்பம்பை அடித்தாலே தண்ணீர் கொட்டுகிற ஊரில் இருந்துகொண்டு அந்தக் காரணத்துக்காக யாரும் இதைப் போட வேண்டியதில்லை. நாலு வருடமாக வைத்திருக்கிறேன், இன்னமும் வைத்திருப்பேன், ஆனால் காரணம் வேறு. எங்கள் கொல்லை சுத்தக் களிமண். ஐப்பசி பிறந்தால் கார்த்திகை முடியும்வரை தரையில் நிற்கிற கீரை வேரழுகிப் போய்விடும், கடைத்தெருவில் கிடைப்பதும் பாதி அழுகலாகத்தான் வரும், அதற்கும் விலை இரண்டு மடங்கு. இடுப்பு உயரத்தில் ஜல்லிக்குள் நிற்கிற கீரைக்கு இந்தக் கவலை கிடையாது. கொல்லை முழுக்கக் கணுக்கால் தண்ணீர் நிற்கும்போதும் பொன்னாங்கண்ணி கிள்ளிக்கொண்டு வரலாம். என்னைக் கேட்டால் டெல்டாக்காரனுக்கு இதன் முதல் பயன் அதுதான், மீனெல்லாம் அப்புறம்.

என்னுடையது சின்ன அமைப்பு. இரும்புக் கூண்டு போட்ட 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒன்று, ஐபிசி டேங்க் என்பார்கள். மேலே ஒரு அடி உயரத்துக்கு அறுத்துக் கவிழ்த்தால் அது செடிப் படுகை, கீழே மிச்சமிருப்பது மீன் தொட்டி, 600 லிட்டர் சொச்சம் நிற்கும். பழைய டேங்க் வாங்கினால் முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்டு, ஒட்டியிருக்கிற லேபிளையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். பூச்சிமருந்து, பெயின்ட் என்றால் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். டேங்க் வெள்ளையாக, வெளிச்சம் ஊடுருவும்படி இருப்பதால் அப்படியே விட்டால் பத்து நாளில் தண்ணீர் பச்சையாகிவிடும். வெளிப்பக்கம் முதலில் கறுப்பு, அதன்மேல் சூடு ஏறாமலிருக்க வெள்ளை என்று இரண்டு பூச்சு அடித்துவிட வேண்டும்.

வேலை செய்கிற விதம் எளிதுதான். மீன் தொட்டித் தண்ணீரை ஒரு சின்ன மோட்டார் செடிப் படுகைக்கு ஏற்றும், அது ஜல்லி வழியாக வடிந்து மறுபடி தொட்டிக்கே வரும். மீன் கழிவிலிருந்து வருகிற அமோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், செடி நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியா ஜல்லியில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை மொத்தமாகக் கொட்டினால் சாகும். அலங்கார மீன் கடைகளில் சொட்டு விட்டு நிறம் பார்க்கிற அமோனியா டெஸ்ட் கிட் கிடைக்கிறது, அதை வாங்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஜல்லிக்கு வருவோம். டெல்டாவில் கல் கிடையாது, எல்லாம் புதுக்கோட்டைப் பக்கமிருந்து லாரியில் வருவதுதான். 20 மி.மீ. கருங்கல் ஜல்லி போதும். வந்ததும் நாலு கல்லை எடுத்து அதன்மேல் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் பிஹெச் (அமில-கார அளவு) இறங்கவே இறங்காது, திருப்பி அனுப்பிவிடலாம். நல்ல ஜல்லியானாலும் கழுவக் கழுவச் சாம்பல் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், ஒரு முழு நாள் வேலை அது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் அஸ்திவாரம். ஜல்லி மட்டுமே அரை டன்னுக்கு மேல், தண்ணீர் தனி. களிமண் கோடையில் வெடித்துப் பிளக்கும், மழைக்கு ஊறிக் குழையும். வெறும் ஹாலோ பிளாக்கை மண்ணில் வைத்து மேலே ஏற்றினால் முதல் மழைக்கே ஒரு பக்கம் இறங்கும். படுகை சாய்ந்துவிட்டால் அதற்குள் இருக்கிற பெல் சைஃபன் சொன்ன பேச்சைக் கேட்காது. சைஃபன் என்பது நிற்கிற குழாய்மேல் ஒரு மூடி கவிழ்த்து, தண்ணீர் ஏறியதும் தானாக உறிஞ்சி வெளியேற்றுகிற ஏற்பாடு. வரத்து கொஞ்சம் குறைந்தால் உறிஞ்சாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும், கூடினால் உறிஞ்சுவதை நிறுத்தாது. வீடியோவில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. என் படுகையில் வல்லாரை வேர், ஜல்லி சைஃபனுக்குள் விழாமல் சுற்றி வைத்த பாதுகாப்புக் குழாயின் ஓட்டை வழியாக உள்ளே புகுந்து, இழுத்தால் முழ நீளத்துக்குச் சடைச் சடையாக வந்தது. சைஃபனைக் கழற்றிவிட்டு ஒரு டைமர் போட்டேன். மோட்டார் கால் மணி நேரம் ஓடும், முக்கால் மணி நேரம் நிற்கும், அந்த நேரத்தில் நிற்கிற குழாயின் அடியில் போட்ட சின்னத் துளை வழியாகப் படுகை வடிந்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

டைமரால் கரண்டும் மிச்சம். 40 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடினால் தினம் கிட்டத்தட்ட ஒரு யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 58 யூனிட் வரும். வீட்டுக்கு அரசு இலவசமாகத் தருகிற யூனிட்டில் ஒரு பெரிய பங்கு இதற்கே போய்விடும். கால் பங்கு நேரம் மட்டும் ஓட்டினால் 15 யூனிட்டுக்குள். நிறுத்தாமல் ஓட வேண்டியது ஏர் பம்ப்தான், 10 வாட் பம்ப் அதேபோல இன்னொரு 15 யூனிட் சாப்பிடும்.

கரண்ட் போனால்? இந்த அமைப்பே அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் குறையும், 30 டிகிரியில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான் அதிகபட்சம், மீன் நெருக்கமாக இருந்தால் அது சீக்கிரம் தீரும். விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் அது பசியில்லை, மூச்சுமுட்டல். பேட்டரியில் ஓடுகிற ஏர் பம்ப், கரண்ட் நின்றால் தானாக ஓடத் தொடங்குகிற வகை, கட்டாயம் வேண்டும். ஆனால் அது சில மணி நேரத்துக்குத்தான். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு புயலை எந்த பேட்டரியும் தாங்காது.

அதனால்தான் நான் ஜிலேபிக் கெண்டையை (திலாப்பியா) விட்டுவிட்டுப் பனையேறிக் கெண்டைக்கு வந்தேன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி இன்று டெல்டாவில் எந்த வாய்க்காலில் வலை போட்டாலும் வரும். தொட்டியில் நன்றாக வளரும்தான், ஆனால் குஞ்சு பொரித்துக்கொண்டே இருக்கும், கொஞ்ச நாளில் கையகல மீன் நாலு, விரலகல மீன் நாற்பது என்றாகிவிடும். பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, வாய்க்கால்ல சும்மா கெடக்குற மீனுக்கு நீ கரண்ட் பில் கட்டுறியா?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பனையேறி மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும், விராலும் அப்படித்தான். தொட்டி நீர் கொஞ்சம் கெட்டாலும், ஏர் பம்ப் நின்றாலும் உடனே செத்து மிதக்காது. விராலில் பெரியது சின்னதைத் தின்றுவிடும், அடிக்கடி தரம் பிரிக்க வேண்டும், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பனையேறிக்கு வேறு ஒரு குணம்: மழை இரவில் தொட்டியை விட்டு ஏறிப் போய்விடும். மேலே வலை இறுக்கிக் கட்டாவிட்டால் காலையில் கொல்லை வாசலில் பூனைக்கு விருந்து. ஆப்பிரிக்கக் கெளுத்தியைச் சிலர் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அது தடை செய்யப்பட்ட மீன், தொடாதீர்கள்.

எவ்வளவு மீன் கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2014-ல் வெளியிட்ட கையேடு சிறிய அமைப்புகளுக்கு 1000 லிட்டருக்கு 20 கிலோ மீனுக்குமேல் வேண்டாம் என்கிறது. கீரைக்கு ஒரு சதுர மீட்டர் படுகைக்குத் தினம் 40 முதல் 50 கிராம் தீவனம் என்பதும் அதே கையேட்டின் கணக்குதான். என் படுகை ஒரு சதுர மீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். ஆக வருடத்துக்கு 20 கிலோ தீவனம், அதில் எல்லாம் சரியாக நடந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோ மீன். மாதம் ஒரு குழம்பு. இதை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று பயிற்சி நடத்துகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். சமைப்பதற்கு முன் மீனை இரண்டு மூன்று நாள் தீனி போடாமல் சுத்தமான தண்ணீரில் விட்டு வையுங்கள், சேற்று வாசனை போய்விடும். இப்படி விட்டு வைக்காத மீனை எங்கள் அத்தை கையால் தொட மாட்டார்.

செடிகளில் பொன்னாங்கண்ணி, வள்ளைக்கீரை, வல்லாரை, பசலை, புதினா, இவற்றுக்குத் தண்டைக் கிள்ளி ஜல்லியில் செருகினால் போதும். அரைக்கீரை, சிறுகீரை விதையை நேரே ஜல்லியில் தூவினால் அடியில் போய்விடும், தேங்காய் நார்க்கழிவில் முளைக்க வைத்து நட வேண்டும். தக்காளியும் மிளகாயும் இலை காட்டின அளவுக்குக் காய் காட்டவில்லை, தீவனத்தில் பொட்டாஷ் குறைவு. வேப்பெண்ணெய்க் கரைசல்கூட மீனுக்கு ஆகாது, அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பேன், அடங்காவிட்டால் அந்தக் கிளையை வெட்டி எறிவேன்.

எங்கள் போர் தண்ணீர் உப்புக்கடினம், பிஹெச் 8-ஐத் தாண்டும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து செடிக்கு எட்டவில்லை என்று அர்த்தம். உரக்கடையில் இரும்பு கேட்டால் பெரும்பாலும் ஈ.டி.டி.ஏ. (EDTA) வகையை எடுத்துக் கொடுப்பார்கள், இவ்வளவு பிஹெச்சில் அது நிற்காது. ஈ.டி.டி.ஹெச்.ஏ. (EDDHA) என்று போட்டிருக்கிறதா பாருங்கள், விலை கூட, தண்ணீர் சிவப்பாகும், பயப்பட வேண்டாம். அதைவிட நல்லது மாடியில் விழுகிற மழைநீரைப் பிடித்து ஊற்றுவது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஆற்றுத் தண்ணீர் வந்தாலும் வாய்க்கால் தண்ணீரைத் தொட்டிக்கு விட மாட்டேன், வயலில் அடிக்கிற மருந்து வடிந்து கலந்திருக்கும்.

கத்திரி வெயிலில் தொட்டிமேல் தென்னங்கீற்று, படுகைமேல் பச்சை நிழல்வலை. மழைக்காலத்தில் தொட்டி வழிவதற்குத் தனிக் குழாய், அதன் வாயில் கொசுவலை, தீவனம் பாதி. அடியில் சேருகிற கசடை வாரம் ஒருமுறை வாழைக்கு ஊற்றிவிடுவேன், அந்த வாழைத்தார்தான் அத்தைக்கு இந்தத் தொட்டியின்மேல் வந்த முதல் மரியாதை. இந்த வருடம் ஐப்பசிக்குள் சிமெண்ட் மேடையை இன்னும் ஒரு கல் உயர்த்த வேண்டும், போன மழையில் தண்ணீர் மோட்டார் பிளக்குக்கு அரை அடி கீழேவரை வந்துவிட்டது.